துப்பாக்கியா, வாக்கி டாக்கியா?

கடந்த மாதம் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு பார்த்த ஒரு படத்தைப் பற்றி வாக்குவாதம் வந்தது. நானும் என் அத்தானும் ஒரு பக்கம். கல்லூரியில் படிக்கும் என் மகன் மறுபக்கம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படத்தில் பையன்கள் வேற்றுக்கிரகவாசியைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு தப்பியோடும்போது, வழிமறித்து நிற்கும் அரசாங்க ஆட்களின் கையில் துப்பாக்கி இருந்தது என்று நாங்கள் சொன்னோம். வாக்கி டாக்கிதான் இருந்தது என்று அவன் சாதித்தான். “மாப்ள, நான் என் கண்ணால பாத்தேன், துப்பாக்கிதான்” என்று அத்தான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மகன் கைப்பேசியை எடுத்து அந்தக் காட்சியைக் காட்டினான். வாக்கி டாக்கிதான்! கல்யாண வீட்டுச் சபையில் இரண்டு பெரியவர்கள் பொய்யர்களாக நின்றோம்.

நாங்கள் சொன்னதும் உண்மை, அவன் சொன்னதும் உண்மை. 1982இல் வந்த படத்தில் துப்பாக்கிகள் இருந்தன. இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி 2002இல் படத்தை மறுபடி வெளியிட்டபோது, குழந்தைகளை நோக்கிப் பெரியவர்கள் துப்பாக்கியோடு நிற்பது ஸ்பீல்பெர்க்குக்கு உறுத்தியதால், கணினியின் உதவியால் துப்பாக்கிகளை எடுத்துவிட்டு வாக்கி டாக்கிகளை வைத்தார். என் மகன் சிறுவயதில் பார்த்தது, பாளையங்கோட்டையில் நானே வாங்கிக் கொடுத்த டிவிடியில் இருந்த அந்த 2002 வடிவம். பின்னாளில் ஸ்பீல்பெர்க்கே அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று வெளிப்படையாக வருந்தினார். 2012இல் ப்ளூ-ரேவில் வந்தபோது பழைய துப்பாக்கிகள் திரும்பிவிட்டன. ஆனால் இடைப்பட்ட பத்தாண்டுகளில் அந்தப் படத்தோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு அவர்கள் பார்த்ததுதானே அசல்?

இந்தப் பதிவை இங்கேயே நிறுத்தினால் என் பக்கம் வென்றதாக ஆகிவிடும். அது நியாயமாக இருக்காது, ஏனென்றால் இதே படத்தைப் பற்றி நான் பல ஆண்டுகளாக இன்னொரு சண்டையும் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அறுத்துப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் தவளைகளை எலியட் என்ற பையன் திறந்துவிடுவதும், வகுப்பு முழுக்கத் தவளைகள் துள்ளுவதும், அவன் ஒரு பெண்ணுக்கு முத்தம் கொடுப்பதுமான காட்சி, பிற்பாடு புகுத்தப்பட்டது என்று பார்த்தவர்களிடமெல்லாம் அடித்துச் சொல்லி வந்தேன். நாங்கள் திருநெல்வேலியில் காலைக்காட்சியில் பார்த்தபோது அப்படி ஒரு காட்சியே கிடையாது. அத்தானும் அதற்குச் சாட்சி. ஆனால் அது 1982 முதலே படத்தில் இருந்த காட்சி. இல்லாமல் போனது எங்களுக்கு மட்டும்.

எப்படிப் போயிருக்கும் என்பது அந்தக் காலத்தில் படம் பார்த்தவர்களுக்குப் புரியும். ஆங்கிலப் படம் நம் ஊருக்கு வருவதற்குள் அந்தப் பெட்டி எத்தனையோ ஊர்களில் ஓடித் தேய்ந்திருக்கும். ஆயிரம் அடி ரீல் ஒன்று ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். ஓடும்போது பிலிம் அறுந்தால், ஆப்பரேட்டர் இரண்டு முனைகளையும் வெட்டிச் சுரண்டிப் பசை தடவி ஒட்டுவார். ஒவ்வொரு ஒட்டிலும் சில பிரேம்கள் போகும், திரையில் பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று ஓரடி தள்ளி நிற்பார், நாம் விசில் அடிப்போம். அறுந்த துண்டுகள் குப்பையில் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி வந்து, ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, இருட்டறைச் சுவரில் எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் தலைகீழாகக் காட்டிக் காசு வாங்கியவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். எனக்குக் கிடைக்காத அந்தத் தவளைகளும் எந்த ஊர்ச் சிறுவனின் சுவரிலோ துள்ளியிருக்கும். போதாக்குறைக்கு நேரம் போதவில்லை என்று பாட்டை வெட்டுவதும், முத்தக் காட்சி வந்தால் கத்தரிப்பதும் ஊருக்கு ஊர் நடந்தவைதான்.

ஆகவே ‘நான் பார்த்ததே அசல்’ என்று வாதாடும் எவரையும், என்னையும் சேர்த்து, நான் இப்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். அறிவியல் புனைவுப் படங்களின் ரசிகர்கள் உலகம் முழுவதும் நடத்தும் இந்தச் சண்டையில், மாற்றியது தவறு என்று ஒரு கட்சியும், படைத்தவனுக்கு மாற்ற உரிமை உண்டு என்று ஒரு கட்சியும் நிற்கின்றன. எனக்கு இரண்டும் கேள்வியைத் தவறவிட்டதாகவே படுகிறது. மாற்றட்டும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றட்டும். மாற்றிய பிறகு பழையதை என்ன செய்தார்கள் என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்டால் ‘ஸ்டார் வார்ஸ்’ இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ்தான் முதலில் கூண்டில் ஏறவேண்டியிருக்கும். 1977இல் வந்த அந்தப் படத்தில், மதுக்கடையில் தன்னைப் பிடித்துக் கொடுக்க வந்த கிரீடோவை ஹான் சோலோ மேசைக்கு அடியிலிருந்து சுட்டுக் கொல்கிறான். எதிராளி சுடவே இல்லை. பணத்துக்காக எதையும் செய்யும் கடத்தல்காரன் அவன் என்பது அந்த ஒரு குண்டில் விளங்கிவிடும். அப்படிப்பட்டவன் கடைசியில் நண்பனைக் காப்பாற்றத் திரும்பி வருவதால்தான் அந்த வருகைக்கு மதிப்பு. 1997இல் சிறப்புப் பதிப்பு என்ற பெயரில் வந்த வடிவத்தில் கிரீடோ முதலில் சுடுகிறான், எதிரே உட்கார்ந்திருப்பவன் மேல் குறி தவறுகிறான், அதன் பிறகு ஹான் தற்காப்புக்காகச் சுடுகிறான். 2004 டிவிடியில் இரண்டு குண்டுகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடித்தன. 2019இல் இணையத்தில் வந்தபோது கிரீடோ சாவதற்கு முன் ‘மக்லங்கி’ என்று ஏதோ சொல்கிறான். ஒரே காட்சியை இத்தனை முறை திருத்திய பிறகும் அது சரியாக வரவில்லை என்றால், முதலில் இருந்ததில் கோளாறு இல்லை என்றுதானே பொருள்?

இதில் விந்தை என்னவென்றால், 1988இல் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசும் வழக்கத்தை எதிர்த்து அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, லாபத்துக்காகக் கலைப்படைப்புகளை மாற்றுபவர்களும் அழிப்பவர்களும் காட்டுமிராண்டிகள் என்று சாட்சி சொன்னவர் இதே லூகாஸ். பின்னாளில் அவர் தன் படத்தின் பழைய வடிவம் என்று ஒன்று தன்னைப் பொறுத்தவரை இல்லவே இல்லை என்ற பொருள்படப் பேசினார். 2006இல் ரசிகர்களின் வற்புறுத்தலால் பழைய வடிவத்தை டிவிடியில் இணைப்பாகக் கொடுத்தபோதுகூட, 1993இன் லேசர் டிஸ்க்குக்காக எடுத்த மங்கலான பிரதியையே தூக்கிப் போட்டார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குப் பழைய குழம்பைச் சூடுகூடப் பண்ணாமல் ஊற்றியது போல. வெறுத்துப்போன ரசிகர்கள் திரையரங்குகளில் ஓடிய 35 எம்எம் பிரதிகளைத் தேடிப் பிடித்து, தங்கள் கைக்காசில் பிரேம் பிரேமாகச் சுத்தம் செய்து, 1977இன் படத்தைத் தாங்களே மீட்டெடுத்தார்கள். சட்டப்படி அது குற்றமாக இருக்கலாம். எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான். 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் தன் குளிரறையில் பாதுகாத்து வைத்திருந்த 1977 டெக்னிகலர் பிரதியைத் திரையிட்டது பெரிய செய்தியாயிற்று. ஒரு படத்தை அது வெளிவந்தபடியே காட்டுவது செய்தியாகிறது என்றால் நிலைமையை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஹான் சோலோவைத் திருத்தியதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோவிலும் அங்கே பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டனும்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆடி அமாவாசைக்கு நம் பக்கத்து ஜனங்கள் மலையேறிப் போய்க் குடில் போட்டுத் தங்கும் கோவில். பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாக வைக்கும் கோவில். பிராமணனான முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் குலத்தைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பி, அவர்களுக்காகப் பூணூலையும் குடுமியையும் களைந்து, மாமனாரின் தொழிலைத் தானும் செய்து, மாடுகளைக் கவர்ந்து போக வந்தவர்களோடு போரிட்டுச் செத்தான் என்பது வில்லுப்பாட்டில் பாடப்படும் கதை. ஆனால் அதே கதையின் பிற்கால வடிவங்களில், அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணப் பெண்கள் என்றும், காட்டில் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்றும் ஒரு பகுதி வருகிறது. நாங்குநேரிக்காரரான நாட்டுப்புறவியல் அறிஞர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது, அந்தப் பகுதி பின்னால் ஏற்றப்பட்டது என்று எடுத்துக்காட்டினார்.

கிரீடோ முதலில் சுட்டதும் அந்தப் பெண்கள் பிராமணர்களாகிப் போனதும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. நாயகன் செய்த காரியம் யாருக்கோ சங்கடமாக இருந்திருக்கிறது. அதனால் அவன் செய்ததற்கு ஒரு சாக்கு ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறார்கள். (இரண்டும் ஒரே எடை என்று நான் சொல்லவில்லை, ஒன்று பொழுதுபோக்கு, மற்றது சாதி.) சாக்கு கிடைத்ததும் கதையின் முதுகெலும்பு போய்விடுகிறது. முத்துப்பட்டன் தன் சாதிப் பெண்களைத்தான் கட்டினான் என்றால் பூணூலைக் களைந்ததற்கு என்ன பொருள் மிச்சம்? ஆனாலும் பழைய வடிவமும் ஏட்டிலும் புலவர்களின் வாயிலும் பிழைத்துக் கிடந்ததால்தான், இரண்டையும் பக்கத்தில் வைத்து இது இடைச்செருகல் என்று நா.வா.வால் சொல்ல முடிந்தது. அதை யாரேனும் பெட்டியில் பூட்டிச் சாவியை ஆற்றில் போட்டிருந்தால், நாமும் கொடைக்குக் கொடை இடைச்செருகலையே அசல் என்று கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்திருப்போம்.

மாற்றமே கூடாது என்பவர்களுக்கு ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ படத்தைக் காட்டுவேன். 1982இல் வந்த வடிவத்தில் நாயகனின் குரல் கதையை விளக்கிக்கொண்டே வரும். கடைசியில் காதலர்கள் பச்சை மலைகளுக்கு நடுவே காரில் போவார்கள். அந்த மலைக்காட்சிகள் வேறொருவர் படத்துக்காக, ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’குக்காக, எடுத்து மீந்த பிலிமிலிருந்து வந்தவை. 1992 வடிவத்தில் அந்தக் குரலும் அந்த மங்களமும் போயின. 2007இல் ஸ்காட் இறுதி வடிவத்தை முடித்தார். மாற்றத்தால் படம் உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைவிடப் பெரிது, 2007இல் வந்த பெரிய டிவிடித் தொகுப்பில் பழைய வடிவங்களையும் சேர்த்து ஐந்தையும் கொடுத்தார்கள். குரல் இருந்த படத்தோடு வளர்ந்தவர் அதையே பார்த்துக்கொள்ளலாம். ஸ்பீல்பெர்க்கின் ‘குளோஸ் என்கவுண்டர்ஸ்’ படத்திலும் 1980 பதிப்புக்காகச் சேர்த்த விண்கலத்தின் உட்புறக் காட்சியை அவர் 1998இல் நீக்கிவிட்டார். அதிலும் மூன்று வடிவங்களும் கிடைக்கின்றன, யாருக்கும் பெரிய புகார் இல்லை.

இதெல்லாம் ஹாலிவுட் சமாச்சாரம், நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 2025 ஆகஸ்ட் 1 அன்று, தனுஷ் நடித்து 2013இல் வந்த ‘ராஞ்சனா’வின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’, செயற்கை நுண்ணறிவால் மாற்றிய முடிவோடு திரையரங்குகளுக்கு வந்தது. சாகவேண்டிய நாயகன் கண் விழிக்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். படத்தின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம் தனக்கு அதை மாற்ற உரிமை இருக்கிறது என்றது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் ஆசிரியர் என்று தயாரிப்பாளரைத்தான் சொல்கிறது என்பதையும் இங்கே நினைவில் வைக்கவேண்டும். லூகாஸாவது தன் பிள்ளைக்குத் தானே மொட்டை போட்டார். இங்கே பெற்றவர் வேண்டாம் வேண்டாம் என்று கத்தும்போதே யாரோ கத்தியை எடுக்கிறார்கள். துப்பாக்கியை வாக்கி டாக்கியாக்க 2002இல் ஒரு பெரிய ஸ்டூடியோ வேண்டியிருந்தது. செத்தவனை எழுப்ப இன்று அவ்வளவு செலவில்லை. இனி வரும் மாற்றங்களில் எது எப்போது மாறியது என்று நமக்குத் தெரியாமலே போகலாம் என்பதுதான் எனக்கு உள்ளபடியே இருக்கும் பயம். மாற்றிய வடிவத்தின் தலைப்பிலேயே அது மாற்றியது என்றும் எந்த ஆண்டில் மாற்றியது என்றும் போடவேண்டும், பழையதும் காசு கொடுத்தால் கிடைக்கவேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளுக்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய பிறகு என் மகன் 1982 வடிவத்தைத் தேடி எடுத்து, போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினான். துப்பாக்கி வந்ததும் அத்தான் தொடையைத் தட்டி என்னைப் பார்த்தார். அதற்கு முன்பே தவளைக் காட்சி வந்து போயிருந்தது, ஐம்பத்தெட்டு வயதில் முதன்முறையாக அதை முழுவதும் பொறுமையாகப் பார்த்தவர், முடிந்ததும் சொன்னார்: “இது கொஞ்சம் இழுவையாத்தான் இருக்கு மாப்ள. அந்த ஆப்பரேட்டரு வெட்டுனது சரிதான்.”