பால் காய்ச்சும் வீட்டில் வாஸ்து பேச வேண்டாமே

கிரகப்பிரவேசத்துக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அங்கே போய் வாஸ்துக் குறை சொல்லாதீர்கள். கட்டும்போது சொல்லியிருந்தால் அது உதவி. கட்டி முடித்த பிறகு சொல்வது அந்தக் குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுப்பதுதான்.

போன வைகாசியில் மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு சொந்தக்கார அக்கா வீட்டில் பால் காய்ச்சினார்கள். விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம். பசுவும் கன்றும் முதலில் உள்ளே போக, பின்னாலேயே அக்கா நிறைகுடத்தோடு வலது காலை எடுத்து வைத்தார். பிள்ளைகள் கையில் சாமி படம், உப்பு, மஞ்சள், அரிசி. ஹோமம் முடிந்து புது அடுப்பைப் பற்ற வைத்தார்கள். கழுத்தில் மஞ்சள் கிழங்கு கட்டிய பாத்திரம். பால் நுரைத்து விளிம்புக்கு ஏறி வழிந்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுகளிலேயே இருந்தவர்.

பந்தி போடுவதற்குள் ஒரு பெரியவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அடுப்பு அக்னி மூலையில இல்லையேம்மா, யாரைக் கேட்டுக் கட்டுனீங்க?" என்றார். அக்னி மூலை என்றால் தென்கிழக்கு. அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கில், படிக்கட்டு வரலாமா, வாசல் இன்னும் ஒரு அடி தள்ளியிருக்கலாமே என்று. அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. இட்லி பரிமாறும்போதும் கண் சமையலறைப் பக்கமே போய்ப் போய் வந்தது.

அந்த மனை மொத்தமே ஒன்றரை சென்ட். 650 சதுர அடிக்குள் சுற்றிலும் இடம் விட்டு, படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் ஒதுக்கியது போக மிஞ்சுவதில்தான் சமையலறை. எந்தப் பக்கம் ரோடு இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வாசல் வைக்க முடியும். அடுக்குமாடி வீடென்றால் அந்த முடிவும் நம் கையில் இல்லை. அடுப்பை மாற்ற இனி மேடையை இடிக்க வேண்டும், அதற்கு இன்னொரு கடன் வாங்க வேண்டும்.

எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை உண்டு. அதனால்தான் இதைச் சொல்கிறேன். கிரகப்பிரவேசத்தில் வாஸ்து சாந்தி எதற்குச் செய்கிறார்கள்? மண்ணைத் தோண்டியதில், மரம் வெட்டியதில், தெரியாமல் உயிர்களை வதைத்ததில் வந்த தோஷமும், கட்டடத்தில் தெரிந்தோ தெரியாமலோ வந்த குறையும் நீங்கட்டும் என்றுதானே? ஐயர் அக்னி வளர்த்து சாந்தி செய்து முடித்த வீட்டில், ஒரு மணி நேரம் கழித்து அதே குறையை நாம் எடுத்துப் பேசினால் அந்தப் பூஜைக்கு என்ன மரியாதை? மூலை பார்க்க வேண்டிய நேரம் பிளான் போடும்போது, தவறினால் நிலை வைப்பதற்கு முன்பு.

முடிந்தால் டிபன் நேரத்துக்குப் போகாமல் பால் பொங்குகிற நேரத்துக்கே போங்கள். அந்த வீட்டுக்காரர்களுக்கு நாம் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம் அதுதான். பெரியவர்கள் அட்சதை போட்டு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள். கொத்தனாரும் ஆசாரியும் புது வேட்டி துண்டோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தால், பூச்சு நன்றாக வந்திருக்கிறது, கதவு நன்றாக இழைத்திருக்கிறது என்று அவர்களிடமும் சொல்லுங்கள்.

மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கவில்லை, சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் கசிகிறது என்பது போல ஆபத்தானது ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் அன்றைக்கே, வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.