தீவுப் போவாக்களைக் காக்கச் சட்டம் மட்டும் போதாது

ஆளைக் கொல்லும் நஞ்சுள்ள பாம்பு ஒன்றுகூட இயற்கையாக இல்லாத ஜமைக்காவிலும் பாம்பைக் கண்டால் அடித்துக் கொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி அடிபடுவது, மேற்கிந்தியத் தீவுகளுக்கே உரிய கைலபாத்ரஸ் பேரினத்தைச் சேர்ந்த, நஞ்சே இல்லாத போவா. நம் மலைப்பாம்பைப் போலவே இரையைச் சுற்றி வளைத்து இறுக்கிக் கொல்லும் இப்பாம்புகள், மலைப்பாம்பைப் போல முட்டையிடாமல் குட்டி போடுகின்றன.

இவற்றுள் மிகப் பெரியதான கியூபா போவாவைப் பற்றி விலங்கியலாளர் விளாதிமிர் டினெட்ஸ் 2017-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த நாள் முதல் இந்தப் பாம்புகள் மீது எனக்குத் தீராத மதிப்பு. அந்தி சாய்ந்து பழந்தின்னி வௌவால்கள் குகையை விட்டுக் கிளம்பும் நேரத்தில், இவை குகைக் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கி, வௌவால்கள் பறந்து செல்லும் வழியையே மறிக்கும்படி இடம் பார்த்து அமர்ந்து, கடந்து செல்லும் வௌவாலை அந்தரத்திலேயே கவ்விக்கொள்கின்றன. தனித்து வேட்டையாடும் பாம்பு சில வேளை வெறும் வயிற்றோடு திரும்ப, பல பாம்புகள் சேர்ந்து வழியை மறித்தபோது வேட்டை தவறவில்லை என்கிறது அவ்வாய்வு. பாம்புக்கு அறிவு ஏது என்று சொல்பவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

மனிதன் கையால் அடிபடுவதை விடவும், மனிதன் கொண்டுவந்து விட்ட விலங்குகளால் இவை அழிவதே எனக்குப் பெருங்கவலை. கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்கவென்று எஸ்பியூட் என்ற தோட்ட முதலாளி 1872-இல் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவுக்கு 9 கீரிகளை வரவழைத்தார். கீரிகள் பெருகின, எலிகள் ஒழியவில்லை, தரையில் வாழும் பறவைகளும் ஊர்வனவும்தான் அவற்றுக்கு இரையாயின. கீரியைப் பிள்ளையைக் காத்த வீரனாகவே கதைகளில் கேட்டு வளர்ந்த நமக்கு இது கசக்கலாம். ஆனால் கீரியையே அறியாமல் பல இலட்சம் ஆண்டுகள் வாழ்ந்த தீவுப் பாம்பிடம் அதை எதிர்கொள்ளும் பழக்கம் எங்கிருந்து வரும்?

பஹாமாஸின் கன்செப்ஷன் தீவில் உயிரியலாளர் கிரஹாம் ரேனால்ட்ஸ் குழுவினர் 2015-இல் கண்டறிந்த வெள்ளி போவாவின் நிலை இன்னும் மோசம். வெள்ளிப் பனைகளில் காணப்படும் இந்த மெலிந்த சாம்பல் நிறப் பாம்புகள் ஆயிரத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அத்தீவில் பூனைகளும் திரிந்துகொண்டிருந்தன. பாம்பைக் காக்கப் பூனையைக் கொல்வதா என்று கேட்பவர்களின் மனவருத்தம் எனக்கும் உண்டு. ஆயினும் உயிருடன் பிடித்து அகற்றுவதே முதல் முயற்சியாக இருக்கட்டும், அது முடியாதபோது கொல்வதும் சரியே என்பதுதான் என் நிலைப்பாடு. தேசியப் பூங்கா என்ற அறிவிப்பைப் பூனை படிக்காது.

வந்தேறிய விலங்குகளை அகற்றித் தீவைப் பாம்புகளுக்கு மீட்டுக் கொடுப்பது நடக்காத காரியமும் அல்ல. புவேர்ட்டோ ரீக்கோவை அடுத்த காயோ ரத்தோனெஸ் என்ற சின்னஞ்சிறு தீவில் முதலில் எலிகளை அடியோடு ஒழித்தார்கள். அதன் பிறகே, விலங்குக்காட்சிச் சாலைகளில் பிறந்த வர்ஜின் தீவு மரப் போவாக்களை 1990-களில் அங்கே விட்டார்கள். பத்தாண்டுகளுக்குள் அவை சில நூறாகப் பெருகின.