லாரிக்காரரின் படுக்கையில் என் ஆர்.வி.

போன வாரம் எங்கள் டாலஸ் நண்பர்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். "ஆர்.வி. வாடகைக்கு எடுத்து கிராண்ட் கேன்யன் போறோம். வழியில ட்ரக் ஸ்டாப்லயே ராத்திரி நிறுத்திக்கலாமாமே, ஃப்ரீயாமே?" ஆர்.வி. என்றால் கட்டில், அடுப்பு, பாத்ரூமோடு ஓடும் வீடு. ட்ரக் ஸ்டாப் என்றால் லாரிக்காரர்கள் டீசல் போட்டு, சாப்பிட்டு, இரவில் வண்டியிலேயே தூங்கும் நெடுஞ்சாலை பங்க். கீழே மளமளவென்று பதில்கள். "தாராளமா நிறுத்துங்க, நாங்க அப்படித்தான் போனோம்." "லைட் இருக்கும், பாத்ரூம் இருக்கும், பயமே இல்லை." யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு உறுத்தியது. இரண்டு வருடம் முன்னால் இதே பேச்சைக் கேட்டுக் கிளம்பியவன் நான்.

அப்போது ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்திருந்தார்கள். இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர், ஆக ஆறு பேர். 28 அடி ஆர்.வி. ஒன்றை எடுத்தோம். டிரைவர் தலைக்கு மேலே ஒரு கட்டில் துருத்திக்கொண்டிருக்குமே, அந்த ரகம். அமரில்லோ வழியாக ஐ-40 நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே. நியூ மெக்சிகோவுக்குள் நுழையும்போதே இருட்டிவிட்டது. ஒரு ட்ரக் ஸ்டாப்பில் திரும்பினால், பின்பக்க லாரி மைதானத்தில் ஒரே ஒரு இடம் காலி. அதுவும் ரிவர்ஸ் எடுக்கவே தேவையில்லாமல் நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடம். எனக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தை என்னவென்று சொல்வது!

நிறுத்தினேன். பக்கச் சுவரைப் பொத்தான் அமுக்கி வெளியே தள்ளினேன் (ஸ்லைடு அவுட் என்பார்கள், தள்ளினால் உள்ளே ஒரு கட்டில் அகலம் கூடும்). ஜெனரேட்டரைப் போட்டேன். வெளியே இரண்டு மடக்கு நாற்காலிகள். மாமியார் உப்புமாவுக்குத் தாளித்தார். கடுகு வெடிக்கிற வாசனையில் பக்கத்து லாரியின் ஜன்னல் திரை ஒரு தடவை விலகி மூடியது. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பதினொரு மணி இருக்கும். ஒரு நீல நிற ட்ரக் மைதானத்தைச் சுற்றி வந்தது. மறுபடி சுற்றியது. மூன்றாவது சுற்றில் எங்கள் முன்னால் நின்றது. இறங்கி வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். கதவை இரண்டு விரலால்தான் தட்டினார். காலை வரை இங்கேதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "இங்கேதான் நாற்பது காலன் பெட்ரோல் போட்டிருக்கிறோம்" என்று சேர்த்துச் சொன்னேன். அவர் வெளியே நீட்டிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார். "ஓகே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மாமனார் சங்ககிரியில் லாரி ஆபீஸில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டார்: "அந்தத் தம்பி இனி எங்க போயி நிறுத்துமுங்க மாப்ள?"

"அவங்களுக்கு எவ்வளவோ இடம் இருக்கும் மாமா" என்றேன்.

இல்லை. காலை ஆறரைக்கு ஐ-40இல் ஏறும்போது பார்த்தேன். அதே நீல ட்ரக், நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டை ஒட்டி நின்றிருந்தது. எங்கள் வண்டி கடந்தபோதே அதன் கேபின் லேசாக ஆடியது. இரவு முழுக்க எத்தனை வண்டி கடந்திருக்கும்? மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இதில் என்னைக் குத்துவது இன்னொன்று. கடைக்கு முன்னால் கார் நிறுத்தும் பகுதி அன்று இரவு பாதிக்கு மேல் காலி. கவுன்டரில் கேட்டுவிட்டு ஓரமாக நான்கு கார் இடத்தை அடைத்து நிறுத்தியிருக்கலாம். என் 28 அடி அங்கே அடங்கும். 53 அடி டிரெய்லரும் முன்னால் எஞ்சினுமாக 70 அடியைத் தாண்டும் அவர் வண்டி அங்கே திரும்பக்கூட முடியாது.

திரும்பி வரும் வழியில் அமரில்லோவுக்கு மேற்கே ஒரு பஞ்சாபி தாபாவில் சாப்பிட்டோம். ஐ-40இல் அப்படிப் பல உண்டு. சீக்கிய டிரைவர்கள் பெருகப் பெருக முளைத்தவை. வடநாட்டு லோடுகளுக்குக் கணக்கெழுதிய லாரி ஆபீஸ் ஹிந்தி மாமனாருக்குக் கைவசம் உண்டு. பக்கத்து மேசை டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தார். ரொட்டி ஆறும்வரை அந்த மனிதர் விளக்கியதைத்தான் இங்கே சொல்கிறேன். பிறகு நானும் படித்துச் சரிபார்த்தேன்.

அமெரிக்காவில் சரக்கு லாரி டிரைவர் வேலையைத் தொடங்கிய நிமிடத்திலிருந்து 14 மணி நேரக் கடிகாரம் ஓடும். அதற்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அப்புறம் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு. இது மத்திய அரசின் விதி. முன்பு காகிதத்தில் எழுதினார்கள், கொஞ்சம் முன்பின் திருத்தலாம். 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான வண்டிகளில் எலக்ட்ரானிக் கருவி கட்டாயமாகிவிட்டது. எஞ்சினோடு இணைந்த கருவி, ஏமாற்றுவது சுலபமில்லை. சரக்கு இறக்கும் கிடங்கில் நான்கு மணி நேரம் காக்க வைத்தாலும் அந்த 14 மணி நேரம் பெரும்பாலும் நிற்காமல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அப்படி ஒரு நாளில் இரவு பதினொரு மணிக்கு மைதானத்தை மூன்று சுற்று சுற்றுகிறவரிடம் மிச்சம் இருப்பது எத்தனை நிமிடம் என்று நமக்கென்ன தெரியும்?

இடம் இல்லை என்பது டிரைவர்கள் சும்மா புலம்புவதல்ல. மத்திய போக்குவரத்துத் துறையின் கணக்குப்படி நாடு முழுவதும் லாரிகளுக்குச் சுமார் 3,13,000 இடங்கள். அதில் ரெஸ்ட் ஏரியாக்களில் (நெடுஞ்சாலையோரம் அரசு வைத்திருக்கும் ஓய்விடங்கள்) இருப்பது சுமார் 40,000தான், மற்றதெல்லாம் தனியார் ட்ரக் ஸ்டாப்களில். பாதுகாப்பான இடம் கிடைப்பதில் சிக்கல் இருப்பதாக 2019இல் கருத்துச் சொன்ன டிரைவர்கள் 98 சதவீதம். அயோவாவில் ஐ-80 மேல் வால்காட் என்ற ஊரில் உலகிலேயே பெரியது என்று சொல்லிக்கொள்ளும் ட்ரக் ஸ்டாப் இருக்கிறது, 900 லாரி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து "எவ்வளவு இடம் இருக்கு!" என்பார்கள் நம்மவர்கள். அது ஒன்றுதான் அப்படி.

ஜேசன் ரிவன்பர்க் என்ற டிரைவரின் பெயரில் இங்கே ஒரு சட்டமே உண்டு. 2009 மார்ச்சில் பால் லோடு ஏற்றிக்கொண்டு, இறக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே தென் கரோலினாவுக்கு வந்துவிட்டார். காத்திருக்க இடமில்லாமல், மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தித் தூங்கினார். கொள்ளையன் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு எடுத்துப்போனது 7 டாலர். வயது 35. மனைவி அப்போது இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்தார். அந்த அம்மா ஓயாமல் போராடி, 2012இல் 'ஜேசன் சட்டம்' வந்தது. லாரி நிறுத்தத்துக்கு மத்திய நிதியைச் செலவிட அது வழியை அகலப்படுத்தியது. மேலே சொன்ன கணக்கெடுப்பும் அந்தச் சட்டத்தால்தான் நடக்கிறது.

ஆகவே என் கருத்து இதுதான்: ட்ரக் ஸ்டாப்பின் லாரி இடத்தில் இரவு ஆர்.வி. நிறுத்தக் கூடாது. "முடிந்தவரை தவிர்க்கலாம்" என்றெல்லாம் மழுப்ப மாட்டேன். நமக்கு வேறு இடம் உண்டு, அவருக்கு இல்லை.

ரெஸ்ட் ஏரியா வேறு கதை. அது பொதுச் சொத்து. கண் சொருகுகிறவன் எவனும் அங்கே ஒதுங்கத்தான் வேண்டும், ஒதுங்காவிட்டால்தான் குற்றம். அங்கே பல இடங்களில் அம்புக்குறியே 'லாரி, பஸ், ஆர்.வி. இந்தப் பக்கம்' என்றுதான் காட்டும். கார் பக்கம் போனால் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வோம். அதனால் அங்கே லாரிகளோடுதான் நிற்க வேண்டியிருக்கும். நில்லுங்கள், ஆனால் தூங்குவதற்கு மட்டும். நேர வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எங்கள் டெக்சாஸில் 24 மணி நேரம், ஆனால் கூடாரம் அடிக்கக் கூடாது. கலிபோர்னியாவில் 8 மணி நேரம். புளோரிடாவில் நமக்கு 3 மணி நேரம்தான், ஓய்வு விதிக்கு உட்பட்ட லாரிக்காரருக்கு 10. யாருக்கு அந்த இடம் அவசியம் என்று அந்த மாநிலம் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது, பாருங்கள்.

ரெஸ்ட் ஏரியாவில் சின்ன ஆர்.வி. இரண்டு சேர்ந்து போனால் ஒரே லாரி இடத்தில் முன்னும் பின்னுமாக அடக்கலாம். இரண்டு குடும்பம் சேர்ந்து போகும் நம்மவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி நடுவில் பாய் விரித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஸ்லைடு அவுட் நீட்டக் கூடாது. அந்த இடைவெளியில்தான் பக்கத்து லாரி ரிவர்ஸில் நுழைகிறது. அதுவும் வலப்பக்கமாக வளைத்து எடுக்கும்போது டிரைவருக்கு அந்தப் பக்கம் கண்ணே தெரியாது. நீட்டிய சுவர் போனால் வாடகைக் கம்பெனிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நாற்காலி, அடுப்பு, பந்தல் எதுவும் வெளியே வேண்டாம். வண்டியைச் சமப்படுத்த இறக்கும் ஜாக்கி வெயிலில் இளகிய தாரில் குழி விழ வைக்கும்.

ஹெட்லைட் விஷயம் பலருக்குத் தெரியாது. லாரி கேபின்களின் முகத்துக்கு நேராகத் திரும்பும்போது உள்ளே திரைக்குப் பின்னால் ஒருவர் தூங்குகிறார். ஹை பீம் எரிந்தால் அணைத்துவிடுங்கள். ஒருவர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தால் நின்று, ஹெட்லைட்டையும் அணைத்து, அவர் முடிக்கும்வரை காத்திருங்கள். பிள்ளைகளை லாரிகளுக்கு இடையில் ஸ்கூட்டர் ஓட்ட விடாதீர்கள். என் பையன் ஓட்டினான். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

டீசல் ஆர்.வி. வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லாரி பம்பில் போட்டு முடித்ததும் முன்னால் இருக்கும் கோடுவரை வண்டியை நகர்த்திவிட்டு அப்புறம் பாத்ரூம் போங்கள். பம்பிலேயே விட்டுவிட்டு ஆறு பேரும் வரிசையாகப் போய்விட்டு, காபி வாங்கி, போட்டோ எடுத்து வந்தால் பின்னால் நிற்பவருடைய கடிகாரம்தான் கரைகிறது.

"நாங்களும் காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம்" என்பது அடிக்கடி வரும் பதில். நானே சொன்னதுதான். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தோம், படுக்கைக்குக் கொடுக்கவில்லை. பல ட்ரக் ஸ்டாப்களில் லாரிக்காரர்களே சில இடங்களைப் பணம் கட்டி முன்பதிவு செய்கிறார்கள். அந்தப் பலகையைக் கவனிக்காமல் நம்மவர் ஒருவர் நிறுத்தித் தூங்கி, நள்ளிரவில் எழுப்பப்பட்டு, "இனவெறி" என்று குழுவில் எழுதியிருந்தார். இருக்கலாம், அந்த மாதிரி ஆட்களும் உண்டுதான். ஆனால் பணம் கட்டிய இடத்தில் வேறொருவர் குறட்டை விட்டால் நான் பூங்கொத்தோடு எழுப்ப மாட்டேன்.

"அப்போ எங்கே நிறுத்துவது?" நியாயமான கேள்வி. ட்ரக் ஸ்டாப்கள் நடத்தும் லவ்ஸ் நிறுவனம் பல கிளைகளில் ஆர்.வி.க்கென்றே மின்சாரம், தண்ணீர் இணைப்போடு கட்டண இடம் வைத்திருக்கிறது. கிராக்கர் பேரல் உணவகங்கள் பலவற்றில் ஆர்.வி., பஸ்ஸுக்கென்று நீள இடங்கள் உண்டு, உள்ளே போய்க் கேட்டுவிட்டு நிறுத்தலாம், அப்படியே சாப்பிடவும் செய்யலாம். வால்மார்ட்டில் அந்தக் கிளை மேனேஜர் வைத்ததுதான் சட்டம், சில ஊர்களில் நகராட்சியே தடை போட்டிருக்கும், போன் செய்துவிட்டுப் போங்கள். நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கம் மத்திய அரசின் பொது நிலங்களில் பெரும்பாலும் 14 நாள்வரை காசில்லாமலே தங்கலாம். ஆனால் மண் பாதை, ஆளரவம் இருக்காது, வாடகைக் கம்பெனி மண் பாதைக்கு அனுமதிக்கிறதா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இது எதிலும் 70 அடி வண்டிக்குச் சுலபத்தில் இடமில்லை. நம்மூர் டெக்சாஸ்காரர்கள் கோயில் மாதிரிக் கும்பிடும் பக்கீஸ் பெட்ரோல் பங்க் கடையில்கூட பதினெட்டுச் சக்கர வண்டிக்கு அனுமதி கிடையாது.

இதற்கெல்லாம் வேண்டியது ஒன்றே ஒன்று: இரவு எங்கே என்பதை மதியம் மூன்று மணிக்கே முடிவு செய்வது. லாரி மைதானங்கள் சாயங்காலமே நிறைய ஆரம்பித்துவிடும். ஒன்பது மணிக்கு மேல் போய்த் தேடினால் கடைசி இடம்தான் மிஞ்சும், அதை எடுத்தால் யாரோ ஒருவர் சாலையோரத்தில் தூங்குவார்.

டிசம்பரில் மறுபடி அதே வழியில் போகிறோம். நியூ மெக்சிகோவின் டூகம்காரியில் ஆர்.வி. முகாம் இடம் புக் செய்துவிட்டேன். போனில் சொன்னபோது மாமனார் வாடகை எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. "அந்த நீல வண்டி நின்ன இடம் வருமுங்களா அந்த வழியில?" என்று கேட்டார். வரும் என்றேன்.