பம்பஸ் போட்டால் தாய் சோம்பேறியா?

குரூப்பில சுத்துற அந்த வொய்ஸ் மெசேஜை இனி எனக்கு அனுப்பாதீங்க. கேட்டாச்சு. "3 வயசாகியும் பம்பஸோட நேசரிக்கு அனுப்புற தாய்மார்" எண்டு தொடங்கி, சோம்பேறிகள் எண்டு ஏசி, பிள்ளையின் பேரையும் சொல்லி… பிள்ளை களவா எடுத்தது? ஒண்ணுக்குத்தானே போனது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வயசு. மூத்திரப்பை நிறைஞ்சது விளங்கணும், அடக்கத் தெரியணும், காற்சட்டையைக் கழட்டணும், வாய் திறந்து சொல்லணும். 2 வயசில முடிக்கிற பிள்ளையும் இருக்கு, 4ஐத் தொடுற பிள்ளையும் இருக்கு. இரவு இன்னும் பிந்தும். 5 வயசுப் பிள்ளைகளில நூற்றுக்கு 15 பேரளவில படுக்கையை நனைக்குதுகள். அதுக்கு முன்ன அதை டொக்டர்மார் வருத்தம் எண்டே சொல்றதில்ல.

என்ட மகள் 2 வயசு முடியமுதல் "அம்மா சூ" எண்டு ஓடி வந்தாள். ஊரே என்னைக் கெட்டிக்காரி எண்டது. அதே நான், அதே வீடு. மகன் 3 தாண்டியும் கதவுக்குப் பின்னால போய், திரைச்சீலையைப் பிடிச்சுக்கொண்டு, முகம் சிவக்க நிண்டு முக்குவான். கொமோட்டைக் கண்டா அலறுவான். ஏசினா அடக்குவான். அடக்கினா இறுகும், இறுகினா வலிக்கும், வலிச்சா இன்னும் அடக்குவான். உடனே நான் சோம்பேறி!

"அந்தக் காலத்தில ஒரு வயசிலேயே பழக்கினோமே" எண்டு மாமிமார் வருவீங்க. அம்மம்மா காலை நீட்டி, ரெண்டு பாதத்துக்கு மேல பிள்ளையை இருத்தி "உஸ்ஸ்" எண்டா போகும். நேரம் பார்த்தது அம்மம்மா, பிள்ளை சொல்லிப் போகல்ல. தவறினாலும் மட்டக்களப்புக் கல்லடியில மணல் வளவு, சிரட்டையால அள்ளி எறிஞ்சா முடிஞ்சுது. இப்ப டைல்ஸ் நிலம், வாடகை வீடு, எட்டரைக்கு ஒபிஸில கையெழுத்து. அம்மம்மாவும் இல்ல.

பிள்ளை தயாரான பிறகு பழக்குங்க எண்டு பிரேசல்டன் எண்ட அமெரிக்கக் குழந்தை வைத்தியர் 1962லேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து எழுதிட்டார். "அவர் பம்பஸ் விளம்பரத்தில வந்தவர்தானே?" ஓம், வந்தவர்தான். அது முப்பது வருஷத்துக்கும் மேல கழிச்சு. கூகுள் பண்ணின ஆக்கள் மிச்சத்தையும் வாசிங்க.

டீச்சர் பாவமாம். பாவம்தான். அதுக்குப் பிள்ளையின் பேரை ஏன் குரூப்பில போட்ட? பம்பஸ் விற்கிற விலையில ஆசைக்கா வாங்குறம்?

தாய் தாய் எண்டுதான் முழு மெசேஜும். தகப்பன் எங்க? நேசரி விடுகை விழாவில முன்வரிசையில நிண்டு படம் எடுத்தவருக்குப் பம்பஸ் மாத்தத் தெரியுமா எண்டு ஆரும் கேக்கல்ல. நான் மெத்தையை வெயிலுக்கு இழுத்த நேரமெல்லாம் மதிலுக்கு மேலால எட்டிப் பார்த்து "இன்னும் நிப்பாட்டல்லையாகா?" எண்டு கேட்ட ஆக்கள், ஒருநாள் மற்றப் பக்கத்தைப் பிடிச்சீங்களா? கழுவி ஊறின மெத்தை என்ன பாரம் தெரியுமா?