குதிரைச் சாணியும் சேர்ந்ததுதான் மேக்கினா

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் நம்மவர்கள் கோடையில் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகும் இடங்களில் மேக்கினா தீவு கட்டாயம் இருக்கும். திரும்பி வந்ததும் இரண்டு பேச்சு கேட்கலாம். "கார் சத்தமே இல்லைங்க, என்ன நிம்மதி!" என்பது ஒன்று. "சாப்பாட்டு விலையைப் பார்த்தா மயக்கம் வருது, தெருவெல்லாம் குதிரைச் சாணி" என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஹியூரான் ஏரிக்குள் இருக்கும் சின்னத் தீவு அது, கார் ஓட்ட அங்கே தடை. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் 583 பேர். கோடையில் ஏறக்குறைய அதே அளவுக்குக் குதிரைகளும் இருக்கும். கார் இல்லை என்றால் காரும் லாரியும் செய்யும் வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டுமே? பால், காய்கறி, பீர் பெட்டி, ஹோட்டல் படுக்கை விரிப்பு, கூரியர் பார்சல் எல்லாம் படகில் வந்து இறங்கி, குதிரை பூட்டிய சரக்கு வண்டியில் ஏறிக் கடைக்கும் வீட்டுக்கும் போகின்றன. குப்பையும் அப்படித்தான் வெளியேறுகிறது. அந்தக் குதிரைகள் தின்னும் வைக்கோலே படகில் வருவதுதான். தெருவில் மண்வாரியோடு சாணி அள்ளிக்கொண்டே நடக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சம்பளம் வேண்டும். ஹோட்டல் வேலைக்கு ஜமைக்காவிலிருந்து பருவகாலத் தொழிலாளர்கள் வருகிறார்கள். நாம் வாங்கும் சாண்ட்விச் விலையில் இதெல்லாம் அடக்கம். கொள்ளை லாபமும் கொஞ்சம் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தடை வந்த கதை இன்னும் சுவையானது. 1898இல் தீவுக்குள் வந்த மோட்டார் வண்டியைப் பார்த்துக் குதிரைகள் மிரள, வண்டிக்காரர்கள் முறையிட, கிராம சபை "குதிரையில்லா வண்டி" ஓட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டது. 1901இல் பூங்கா நிர்வாகமும் தன் பகுதியில் அதையே விதித்தது. தீவில் ஏறக்குறைய எண்பது சதவீதம் மாநிலப் பூங்கா என்பதால் அத்தோடு கதவு சாத்தியாயிற்று. குதிரை மிரண்டது ஒருபுறம், பிழைப்பு போய்விடுமே என்ற பயமும் வண்டிக்காரர்களுக்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். இருந்துவிட்டுப் போகட்டும்! அந்தப் பயத்தால்தான் இன்றைக்கு எம்-185 என்ற மாநில நெடுஞ்சாலையில் நம் பிள்ளைகள் நடு ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். கரையோரமாகத் தீவைச் சுற்றிவரும் சுமார் 13 கிலோமீட்டர் சாலை அது.

விதிவிலக்குகளும் உண்டு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி இருக்கின்றன. குளிர்காலத்தில் பனிமேல் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டிகள் ஓடும். ஏரி நன்றாக உறைந்தால், தூக்கிப் போட்ட கிறிஸ்துமஸ் மரங்களைப் பனியில் நட்டு வழி அடையாளம் வைத்து, எதிர்க்கரையிலுள்ள செயின்ட் இக்னஸ் ஊர் வரை அதிலேயே போய்வருவார்கள். ஆனால் 2019இல் துணை அதிபர் மைக் பென்ஸ் கார் அணிவகுப்போடு வந்தபோது பலருக்கும் கோபம். 1975இல் அதிபர் ஃபோர்டே குதிரை வண்டியில்தானே போனார் என்று ஞாபகப்படுத்தினார்கள். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று எதையும் நியாயப்படுத்தலாம். எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது.

பிடிக்காத ஒன்றும் உண்டு. நாம் எல்லோரும் அங்கே போவதே காரில்தான். டெட்ராய்டிலிருந்து நாலரை மணி நேரம் ஓட்டி, கரையிலுள்ள மேக்கினா சிட்டி என்ற ஊரின் படகுத்துறைப் பார்க்கிங்கில் ஆயிரக்கணக்கில் நிறுத்திவிட்டு, இருபது நிமிடப் படகு ஏறி, "கார் இல்லாத வாழ்க்கை"யைப் படம் பிடிக்கிறோம். பின்மதியம் ஆனதும் ஃபட்ஜ் மிட்டாய்ப் பொட்டலத்தோடு ஓட்டமாகத் திரும்புகிறோம். அந்தக் கூட்டம் போன பிறகுதான் தீவில் நடக்கவே நன்றாக இருக்கும்.

அதனால் முடிந்தால் ஒரு ராத்திரி தங்குங்கள். ஜூலையில் வேண்டாம், மே கடைசியிலோ செப்டம்பரிலோ போங்கள், அறை வாடகை கொஞ்சம் இறங்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் கூப்பிட்டால் வரும் குதிரை டாக்ஸி இருக்கிறது. அப்புறம், விலை கேட்டு அந்த வண்டிக்காரரிடம் பேரம் பேசாதீர்கள்.