திருட்டுப் பரம்பரை என்று சிரித்தவர்களுக்கு

அந்த மீமை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணி வரிசையாக நிற்கிறது, ஒவ்வொருவர் கழுத்திலும் கைதி எண், கீழே ‘திருட்டுப் பரம்பரை’. ஒரு காலத்தில் பிரிட்டன் தன் கைதிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியதை வைத்துக் கேலி. நான் மதிக்கிறவர்களே பகிர்ந்து சிரித்திருந்தீர்கள். அவர்கள் செய்யும் ஸ்லெட்ஜிங்குக்கு, அதாவது ஆட்டத்தின்போது எதிரணியைச் சீண்டிப் பேசுவதற்கு, பதிலடியாம். மைதானத்தில் வாய்விட்டவனைத் திட்டுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. அவன் பாட்டன் பூட்டனை எதற்கு இழுக்கிறீர்கள்?

அந்தப் பூட்டன் பூட்டி யாரென்று தெரியுமா? மேரி வேட் என்று ஒரு சிறுமி, லண்டன் தெருக்களைக் கூட்டியும் கையேந்தியும் பிழைத்தவள். தன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தியின் கவுனையும் தொப்பியையும் பறித்துக்கொண்டாள். 1789 ஜனவரியில் விசாரணை நடந்தபோதும் அவள் சிறுமிதான். தீர்ப்பு, தூக்கு. பிறகு அதை நாடுகடத்தலாகக் குறைத்து, ‘லேடி ஜூலியானா’ கப்பலில் ஏற்றி, 1790 ஜூனில் சிட்னியில் இறக்கினார்கள். ஒரு கவுனுக்காக! ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த கெவின் ரட் அவள் வழியில் வந்தவர்தான். பிரதமர் வந்ததால்தான் அவளுக்கு மரியாதை என்று சொல்லவில்லை. அவள் வழியில் ஒரு கூலிக்காரன் மட்டும் வந்திருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

1788 முதல் 1868 வரை அப்படிக் கொண்டுபோனவர்கள் ஏறத்தாழ 1,62,000 பேர். முன்பு இதே வேலைக்கு அமெரிக்கா இருந்தது. அங்கே போர் வந்து வழி அடைபட்டதும், பழைய கப்பல்களைத் தேம்ஸ் நதியில் நிறுத்தி அதிலேயே கைதிகளை அடைத்தார்கள். அதுவும் நிரம்பி வழிந்தபோது கண்ணில் பட்ட இடம் ஆஸ்திரேலியா. 1790-இல் போன இரண்டாவது கப்பல் வரிசையில் நான்கில் ஒருவர் வழியிலேயே செத்தார்கள். கப்பல் குத்தகைக்காரர்களுக்குப் பணம், ஏற்றிய தலைக்கு இவ்வளவு என்று. உயிரோடு இறங்கியவர்களை யார் எண்ணினார்கள்? பட்டினி போட்டவர்களுக்கும் லாபம்தான். இதில் திருடன் யார்?

‘எல்லாரும் பச்சைப் பிள்ளைகளா, கொலைகாரனும் போகவில்லையா’ என்று ஒருவர் கேட்டார். போனான். ஆனால் பெரும்பாலானவர்கள் போனது திருட்டுக்காக. அப்புறம், திருடினது கைதிகள் மட்டுமா? 1789 மார்ச்சில், சிட்னி உணவுக் கிடங்கில் கைவைத்ததற்காகக் காவலுக்கு வந்த படைவீரர்கள் ஆறு பேரையே தூக்கிலிட்டார்கள். பசி வந்தால் சீருடைக்கும் கை நீளும்.

‘பூர்வகுடிகளின் நிலத்தைத் திருடியவர்கள்தானே’ என்ற கேள்வி நியாயமானது. இரண்டு வெள்ளிக் கடிகாரம் திருடிக் கைதியாகப் போன ஜேம்ஸ் ரூஸுக்கு 1791-இல் சிட்னி பக்கத்துப் பரமட்டாவில் 30 ஏக்கர் எழுதிக் கொடுத்தார்களே, அந்த மண் அதற்கு முன் வேறொருவருடையதுதான். அதை மறுக்கமாட்டேன். ஆனால் எழுதிக் கொடுத்தது ஆளுநர், அனுப்பியது அரசாங்கம். கடிகாரம் எடுத்தவன் பேரன் திருட்டுப் பரம்பரை, கண்டத்தையே எடுத்தவன் பேரன் ராஜ பரம்பரையா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். என் அப்பா சின்ன வயதில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு இருந்தார். வெல்லக்கட்டி ஒன்றை எடுத்து டவுசர் பைக்குள் போட்டார். எடுத்தார், பொய்யில்லை. வீட்டில் தங்கச்சி பசியோடு இருந்தாள். கடைக்காரர் தூணில் கட்டி வைத்து அடித்தார், அன்றைய கூலியையும் பிடித்துக்கொண்டார். அத்தோடு முடிந்ததா? எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, ‘அந்த வெல்லக்காரன் மகனா’ என்று ஒரு பெரியவர் விசாரித்தார். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்தவர் பேசி முடிக்கிறவரை நிமிரவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் நேர்மையாகச் சம்பாதித்த எதுவும் அந்த ஒரு கட்டி வெல்லத்துக்கு ஈடாகவில்லை.

சரி, ‘சும்மா கேலிக்குத்தானே, இவ்வளவு சீரியஸா’ என்பீர்கள். பரம்பரை என்ற சொல் நம் ஊரில் கேலியாகவா இருந்தது? 1911-இல் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. எதுவும் திருடாதவனும் பிறந்த குற்றத்துக்குக் கைரேகை வைத்தான், ராத்திரி காவல் நிலையத்தில் போய்ப் படுத்தான். மறுத்து நின்ற மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் மக்களைச் சுட்டார்கள். மேரி வேடைக் கப்பலேற்றிய அதே ஆட்சிதான் இங்கேயும். ஒவ்வொரு ஏப்ரலிலும் அஞ்சலிப் பதிவு போடுகிற நீங்களே அடுத்த நாட்டுக்காரன் பேரனுக்கு அதே முத்திரையைக் குத்துகிறீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

திருடினவன் அடி வாங்கினான், விலங்கு பூட்டிக் கடல் தாண்டினான், பலர் ஊருக்குத் திரும்பவே இல்லை. கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. பேரனிடம் வசூலிக்க உங்களை யார் நியமித்தது?

மாற்றுக்கருத்து எழுதுங்கள், பதில் சொல்கிறேன். யாருடைய பிறப்பையாவது இழுத்துக் கமெண்ட் வந்தால் அழித்துவிடுவேன், நண்பராக இருந்தாலும் சரி.