பள்ளிக்கரணையில் சிக்கியிருக்கும் பட்டா நிலத்தை அரசே விலை கொடுத்து வாங்கட்டும்

தென்சென்னையில் இருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்கிற நாங்கள் எல்லாரும் இத்தனை காலம் தடையைத்தான் கேட்டுவந்திருக்கிறோம். லேஅவுட் போடவிடாதே, மண் அடிக்கவிடாதே, பிளான் அப்ரூவல் கொடுக்காதே. இன்றும் அந்தக் கோரிக்கையில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனால் தடை மட்டும் இந்தச் சதுப்பைக் காப்பாற்றாது. ராம்சார் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியல்) எல்லைக்குள் இருக்கும் பட்டா நிலங்களை அரசு நியாயமான விலை கொடுத்து வாங்க வேண்டும். வாங்கியபின் கொட்டிய மண்ணை அள்ளிவிட்டு, பழையபடி தண்ணீர் வந்து நிற்கிற இடமாக மாற்ற வேண்டும். இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலும் கோபப்படுகிறார்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்த இடம் இது. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும் ஏரிகளின் உபரிநீர் எல்லாம் கடைசியில் வந்து சேருவது இங்கேதான். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் போகும். உள்ளே வரும் வழிகள் பல, வெளியே போகும் வழி அநேகமாக ஒன்றே ஒன்று. அதனால் மழைக்காலத்தில் வரும் தண்ணீர் கொஞ்ச நாள் தங்கி மெல்ல வடிவதற்கு விரிந்த இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நாம் தின்றுவிட்டோம்.

தின்றதில் பெரும்பங்கு அரசுக்கு உண்டு என்பதை மறைத்துப் பேசக் கூடாது. பெருங்குடி குப்பைமேடு, மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள், பறக்கும் ரயில் பாதை, சதுப்பை நடுவில் வெட்டிக்கொண்டு போகும் துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடி சாலை எல்லாம் அரசு கொண்டுவந்தவை. வருவாய்த்துறை ஏட்டில் புறம்போக்கு என்று எழுதிய நிலத்தை யாரும் நிலமாகவே மதிக்கவில்லை. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பிறகு அது சுமார் 700 ஹெக்டேராக வளர்ந்தது. 2022-ல் ராம்சார் தலமாக அறிவித்தபோது குறித்த பரப்பு 1,247.54 ஹெக்டேர். காப்புக்காட்டுக்கும் ராம்சார் எல்லைக்கும் இடையில் இருக்கிற 500 ஹெக்டேருக்கும் மேற்பட்ட அந்தப் பகுதிதான் இன்றைய சண்டைக்களம். அதற்குள் அரசு நிலமும் இருக்கிறது, பட்டா நிலமும் இருக்கிறது.

2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் ஒரு உத்தரவு போட்டது. ராம்சார் எல்லைக்குள்ளும், அதைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரைக்கும், எல்லை அளவீடு முடியும்வரை புதுக் கட்டடங்களுக்கு அனுமதி கூடாது. அடுத்த மாதமே, பெரும்பாக்கத்தில் வரவிருந்த ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டம் சதுப்புக்குள் வருகிறது என்று தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இரண்டையும் மனதார வரவேற்றேன். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் ஏற்கெனவே ஊரே இருக்கிறது. வேளச்சேரி, பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் பழைய வீட்டை இடித்துக் கட்ட நினைத்தவர்கள்கூட அனுமதி கிடைக்காமல் நின்றார்கள். சதுப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல்படும் மனநிலை உருவானது. இத்தனை வருஷமாக சதுப்புக்காகச் சேர்த்த மக்கள் ஆதரவு சில மாதங்களில் கரைவதைக் கண்ணால் பார்த்தோம்.

எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் இருக்கிறார். பணி ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். பணத்தில் சதுப்பை ஒட்டி அரை கிரவுண்ட் வாங்கிப் போட்டவர். அவர் வாங்கியபோது அங்கே ராம்சாரும் இல்லை, தீர்ப்பாயமும் இல்லை. நான்கு மூலைக்கும் கல் நட்டு, நீலப் பெயின்டில் எண் எழுதியிருந்தது, அவ்வளவுதான். கோடையில் போய்ப் பார்த்திருக்கிறார். வெடித்த கருப்புக் களிமண், அதில் சீமைக்கருவேலம். ஐப்பசியில் போயிருந்தால் இடுப்பளவு தண்ணீரில் கோரையும் நாமக்கோழியும் பார்த்திருப்பார். அவர் என்னிடம் சொன்னது: "ஏம்ப்பா, பறவைக்கு இடம் வேணும்னா வேணாம்னு சொல்லல. என்கிட்ட இருந்து வாங்கிக்கட்டும். விக்கவும் விடாம, கட்டவும் விடாம வெச்சா நான் எங்க போறது?"

அவருக்கு நம்மிடம் பதில் இல்லை என்பதுதான் என் பிரச்சினை. அவரைப் போன்றவர்கள் அலுத்துப்போய் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். வாங்குவது யார்? ஐந்து வருஷம், பத்து வருஷம் வழக்கு நடத்தத் தெம்புள்ளவர்கள். சிறு மனைகள் பெரிய கைக்குப் போய், ஒரே சர்வே எண்ணாகச் சேர்ந்து, ஒருநாள் ஏதோ ஒரு விதிவிலக்கில் அனுமதியோடு வந்து நிற்கும். வாங்காமல் தடுத்துவைக்கும் நிலம் கடைசியில் இப்படித்தான் கைமாறிப் போகிறது.

இதைச் செய்துகாட்டிய ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் தென்மேற்கு மூலையில், எவர்கிளேட்ஸை ஒட்டி, பிக்கயூன் ஸ்ட்ராண்ட் என்ற ஈரநிலம். 1960-களில் ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி அங்கே சைப்ரஸ் காட்டுக்குள் கால்வாய்களை வெட்டித் தண்ணீரை வடித்து, நூற்றுக்கணக்கான மைல் சாலை போட்டு, ஒன்றேகால் ஏக்கர், இரண்டரை ஏக்கர் என்று மனை பிரித்து நாடு முழுக்க விற்றது. வாங்கியவர்களில் பலர் இடத்தைப் பார்க்கவே இல்லை. மழைக்காலத்தில் மனை தண்ணீருக்குள். கம்பெனி நொடித்துப்போனது. வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே வந்தன. ஆனால் கால்வாய்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருந்தன. காடு காய்ந்து தீப்பிடித்தது. ஒரே இடத்தில் கொட்டிய நன்னீரால் கடலோர முகத்துவாரம் கெட்டது.

1985-ல் மாநில அரசு அந்த மனைகளைத் திரும்ப வாங்க ஆரம்பித்தது. ஏறக்குறைய 55,000 ஏக்கர், 17,000 உரிமையாளர்கள். உலகம் முழுக்கச் சிதறிக்கிடந்தவர்களைத் தேடிப்பிடித்து, ஒவ்வொருவருக்கும் கடிதம் போட்டு, விலை பேசி வாங்கினார்கள். முடிக்க இருபது வருஷம் ஆனது. கடைசிவரை நகர மாட்டேன் என்று நின்றவர்களிடம் சட்டத்தின் பலத்தில் எடுத்தார்கள். அப்படி எடுத்தது எனக்கு உவப்பில்லை. பிறகுதான் மீட்பு வேலை. சுமார் 260 மைல் சாலையைப் பெயர்த்தெடுத்தார்கள். கால்வாய்க் கரையில் குவித்திருந்த மண்ணையே கால்வாய்க்குள் தள்ளி, இடைவெளி விட்டு அடைத்தார்கள். கால்வாயில் ஓடிய தண்ணீர் மறுபடி நிலத்தின்மேல் தகடுபோல் பரவ ஆரம்பித்தது. வடக்கே குடியிருப்பவர்களின் வீட்டுக்குள் வெள்ளம் ஏறிவிடக் கூடாதே என்று மூன்று பெரிய பம்பிங் ஸ்டேஷன்களும் கட்டினார்கள். இந்தக் கடைசி வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். பக்கத்தில் வாழ்கிறவனை மூழ்கடித்துவிட்டு எந்த மீட்பும் நிலைக்காது. நாளை பள்ளிக்கரணையில் தண்ணீர் மட்டத்தை உயர்த்தினால் மடிப்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் முதலிலேயே பதில் வைத்திருக்க வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். ஃபுளோரிடா 1990-ல் பத்து வருஷத்துக்கு 300 கோடி டாலர் என்று ஒரு திட்டம் போட்டு, கடன்பத்திரம் வெளியிட்டு, இயற்கை நிலங்களை வாங்கியது. அந்தக் கடனை அடைத்தது பத்திரப் பதிவின்போது வசூலாகும் முத்திரை வரியிலிருந்து. நிலத்தை விற்று வாங்குவதால் வரும் வருமானத்தில் ஒரு பங்கு, விற்கக் கூடாத நிலத்தைக் காக்கப் போனது. இங்கே ஒரு வீட்டைப் பதிவு செய்தால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகப் பொதுவாக 9 சதவீதம் வரை அரசுக்குக் கட்டுகிறோம். ஓ.எம்.ஆர். பக்கமும் மேடவாக்கம் பக்கமும் நடக்கும் பதிவுகளை நினைத்துப்பாருங்கள். அதில் ஒரு சிறு பங்கைத் தனி நிதியாக ஒதுக்கினால் போதும், ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டே போகலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் அடித்தபின் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். கொடுத்தது சரிதான். ஆனால் அந்தப் பணம் அடுத்த வெள்ளத்தில் ஒரு அங்குலத் தண்ணீரையும் குறைக்கப்போவதில்லை.

ரொக்கம் மட்டுமே வழியும் இல்லை. சாலை விரிவாக்கத்துக்கு இடம் விடுகிறவர்களுக்கு வேறு இடத்தில் கூடுதல் தளம் கட்டிக்கொள்ளும் டி.டி.ஆர். (வளர்ச்சி உரிமை மாற்றம்) உரிமை கொடுக்கும் முறை நம் கட்டட விதிகளிலேயே இருக்கிறது. சதுப்புக்குள் மனை வைத்திருப்பவருக்கும் அதைக் கொடுங்கள், விற்றுக் காசாக்கிக்கொள்ளட்டும்.

சூழலியல் நண்பர்கள் சொல்வதும் காதில் விழுகிறது. "புறம்போக்கை வளைத்துப் பட்டா வாங்கியவனுக்கும் காசு கொடுக்கச் சொல்கிறாயா?" நிச்சயமாக இல்லை. மூலப் பத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தோண்டிப்பார்க்க வேண்டும். போலிப் பட்டா ரத்தாக வேண்டும், ஒரு ரூபாய்கூடத் தரக் கூடாது. 2022 ராம்சார் அறிவிப்புக்குப் பிறகு தெரிந்தே வாங்கிக் குவித்தவர்களுக்கு அவர்கள் பத்திரத்தில் காட்டிய விலைக்குமேல் எதற்குக் கொடுக்க வேண்டும்? அந்த நாளைக் கோடாகக் கிழித்துவிட்டால், லாபம் பார்க்க வந்தவர்கள் தாமாகவே விலகுவார்கள். விலை ஏறும்வரை காத்திருப்பதுதான் அரசுக்கு நஷ்டம்.

வாங்கிய நிலத்தை என்ன செய்வது? நடைபாதை போட்டு, புல்தரை விரித்து, செல்ஃபி பாயின்ட் வைத்தால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன். செய்ய வேண்டியது மண் வேலை. லாரி லாரியாகக் கொட்டிய இடிபாடுகளை அந்தப் பழைய களிமண் தட்டுப்படும்வரை அள்ள வேண்டும். செங்கல், டைல்ஸ், கம்பி, பிளாஸ்டிக் எல்லாம் வரும். மனைகளுக்காகப் போட்ட மண் சாலைகளை வெட்டிவிட வேண்டும். ஒவ்வொரு சாலையும் ஒரு குட்டி அணைக்கட்டு. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். ஆகாயத்தாமரை வராமலிருக்க மேலே உள்ள ஏரிகளில் கழிவுநீர் கலப்பதை நிறுத்த வேண்டும், இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. அதற்குப் பிறகு பெரிதாக நடவேண்டிய அவசியமில்லை. தண்ணீர் நின்றால் கோரையும் சம்பும் தானாக வரும், அதன் பின்னாலேயே தாழைக்கோழி வரும். அடையாறு கழிமுகத்தில் கட்டட இடிபாடு கொட்டிக்கிடந்த 58 ஏக்கரை மீட்டு 2011-ல் திறந்தது இதே சென்னைதான். தெரியாத வேலை இல்லை.

எதை முதலில் வாங்குவது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. பறவை அதிகம் வரும் இடத்தை விட, ஒக்கியம் மடுவுக்குத் தண்ணீர் போகும் வழியில் குறுக்கே நிற்கிற மனைகளை முதலில் வாங்குங்கள். அரை கிரவுண்ட், ஒரு கிரவுண்ட் வைத்திருப்பவர்களுக்கு முதல் தவணை. பெரிய கம்பெனிகள் வரிசையில் நிற்கட்டும்.

இப்போதைக்கு நாம் கேட்க வேண்டியது ஒன்று. அளவீட்டில் ராம்சார் எல்லைக்குள் வரும் சர்வே எண்கள் எவை, அவற்றில் பட்டா எது, அரசு நிலம் எது, தகராறில் இருப்பது எது என்ற பட்டியலைத் தமிழில், எல்லாரும் படிக்கும்படி வெளியிடச் சொல்லுங்கள். மாநகராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் ஏரியா சபையில் கேளுங்கள். ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானமாகவே போடுங்கள். அந்தப் பகுதியில் மனை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த வருஷம் வாங்கினீர்கள், அரசு வாங்கினால் விற்கச் சம்மதமா என்று கீழே எழுதுங்கள். உங்களையும் சேர்த்துக்கொண்டுதான் இந்தக் கோரிக்கையைக் கொண்டுபோக நினைக்கிறேன்.